வடிகான் மூடியின்மேல் ஒரு நகரம்: திருகோணமலையில் நடப்பது பற்றி

உவர்மலை நடையாளர் எழுதியது:

கடந்த மார்கழியில் மழை நாளொன்றில் என் பெரியம்மா கோயிலுக்குப் போய்த் திரும்புகையில், மூடி உடைந்திருந்த வடிகானொன்றில் கால் வைத்துக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். வீதியில் தண்ணீர் நின்றதால் மூடி எது, ஓட்டை எது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மூடியை மாற்றித் தருமாறு கேட்டு நான் எழுதிய கடிதம் மூன்று அலுவலகங்களுக்குப் போனது; மூன்றாவது அலுவலகம் முதலாவதைக் கைகாட்டியதோடு விடயம் நின்றுவிட்டது. யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த ஓட்டைக்குள் பூவரசங் கம்பொன்றைச் செருகிச் சிவப்புத் துணி கட்டி வைத்தார். இப்போது கம்பு துளிர்த்துவிட்டது, மூடிதான் வரவில்லை.

குறை சொல்வதற்காக மட்டும் இந்த இழையைத் தொடங்கவில்லை. நடப்பதற்கு இவ்வளவு இசைவான நில அமைப்புள்ள நகரங்கள் இந்நாட்டில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஒருபுறம் டச்சுக் குடாவும் திறந்த கடலும், மறுபுறம் உட்துறைமுகமும் இருக்க, இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் சந்தையும் பஸ் நிலையமும் பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ரயிலில் வந்து இறங்கும் ஒருவர், அவசரப்படாமல் நடந்தாலும், அரை மணி நேரத்துக்குள் கோட்டை வாசலை அடைந்துவிடலாம். அப்படியிருந்தும் அரைக் கிலோமீற்றர் தூரத்திலுள்ள மருந்துக் கடைக்கு நாம் மோட்டார் சைக்கிளை உதைக்கிறோம். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. 2022-இல் எரிபொருள் தீர்ந்து, கியூஆர் அட்டையுடன் வரிசையில் நின்ற மாதங்களில் இதே மக்கள்தான் நடந்தும் சைக்கிளில் ஏறியும் எல்லா வேலைகளையும் பார்த்தார்கள். ஆகவே கால்களில் குறையில்லை.

என் வாதம் ஒன்றுதான். நாம் நடைபாதை என்று சொல்லிப் பழகியிருப்பது மழைநீர் வடிகானின் மூடியை. வடிகான் எங்கே வளைகிறதோ அங்கே அதுவும் வளைகிறது. வடிகான் முடியும் இடத்தில் அதுவும் முடிந்து, நடப்பவரை நடுவீதிக்கு அனுப்பிவிடுகிறது. தண்ணீருக்காகக் கட்டிய ஒன்றின் முதுகில் மனிதர்களை நடக்கவிட்டிருக்கிறோம். நடைபாதை என்பது தனக்கென்று அகலமும் மட்டமும் பொறுப்பாளரும் உள்ள தனியொரு கட்டுமானம் என்று ஏற்றுக்கொள்ளப்படாத வரை, எத்தனை மஞ்சட் கடவைகளைப் புதிதாகத் தீட்டினாலும் இந்த நகரம் நடப்பவர்களுக்கு உரியதாகாது. கோட்டையிலிருந்து இறங்கி வரும் புள்ளிமான்கள்கூட நடுவீதியில்தான் நடக்கின்றன. அவற்றுக்கும் அந்த மூடிகளில் நம்பிக்கை இல்லை போலும்.

மத்திய வீதி வியாபாரி எழுதியது:

பெரியம்மாவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வருபவர்கள் நடந்து வரப் போவதில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்த இடமில்லை என்றால் அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சரக்கு இறக்கும் லொறிக்கு இடம் எங்கே? நடைபாதையை அகலமாக்கினால் அந்த அகலம் வீதியிலிருந்துதானே வர வேண்டும்? பழைய வீதிகள், இரு பக்கமும் கட்டடங்கள், நீட்டிக்கொள்ள ஓர் அடிகூட இல்லை.

இன்னொன்று. நடைபாதை அகலமானால் மறுநாளே அதில் சாமான் பரப்புவார்கள். பண்டிகைக் காலங்களில் நாம் பார்க்காததா? வாடகையும் வரியும் கட்டுகிறவன் உள்ளே ஈ ஓட்ட, வெளியில் வியாபாரம் நடக்கும். இதற்குப் பதில் சொல்லிவிட்டு நடைபாதையைப் பற்றிப் பேசலாம்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதியது:

வீதி வேலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில், வடிகான் மூடி பற்றித் தம்பி எழுதியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது ஏன் அப்படி ஆனது என்பதையும் விளக்க வேண்டும். காரணம் தெரியாமல் கேட்கும் கோரிக்கைக்கு, முன்பு போட்ட அதே மூடியைத்தான் மறுபடியும் போட்டுத் தருவார்கள்.

வடிகானின் அடிமட்டத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் ஓடவேண்டிய சரிவு. மூடியின் மட்டம் வடிகான் சுவரின் உயரத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே கட்டிய நாளிலேயே அது வீதியோடு ஒத்துப்போவதில்லை. பிறகு வீதிக்குக் காப்பெற் போடும் ஒவ்வொரு தடவையும் பழைய தார்ப்படையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய படையை இட்டால், வீதி சில சென்ரிமீற்றர் உயர்கிறது. இரண்டு மூன்று தடவை இவ்வாறு நடந்த வீதிகளில் மூடி பள்ளத்தில் கிடக்கும். உடனே வீட்டுக்காரர் தன் படலைக்கு முன்னால் சீமெந்தில் ஒரு சரிவு கட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட உயரமாகக் கட்டுவார். நடப்பவருக்கு அந்தப் பாதை ஒவ்வொரு படலையிலும் ஏறி இறங்கும் அலையாகிவிடும். முழங்கால் நோவுள்ளவர்கள் வீதியில் இறங்கி நடப்பதன் காரணம் இதுதான். அவர்களை ஒழுங்கில்லாதவர்கள் என்று திட்டுவது அநியாயம்.

மூடி ஏன் உடைகிறது? வடிகானைத் துப்பரவு செய்ய அதைத் தூக்க வேண்டும் என்பதற்காகச் சிறு துண்டுகளாக வார்க்கிறோம். மனிதரின் பாரத்தைக் கணக்கிட்டு வார்த்த மூடியின்மேல் லொறியின் பின்சில்லு ஏறினால் கம்பி வளைந்து கொங்கிறீட் வெடிக்கும். அடுத்த மழையில் கம்பி துருப்பிடிக்கும். கடற்காற்று உள்ள ஊரில் அது இன்னும் விரைவாக நடக்கும். வியாபாரி ஐயா கோபிக்கக் கூடாது: நான் எண்ணிய அளவில், உடைந்த மூடிகள் அதிகம் கிடப்பது கடை வாசல்களில்தான்.

பொறுப்பு யாருடையது என்பது அடுத்த சிக்கல். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு உரியவை. மற்றவை உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியவை. ஏ-6, ஏ-12, ஏ-15 ஆகிய நெடுஞ்சாலைகள் சேருகின்ற நகரம் நம்முடையது. ஆகவே ஐந்து நிமிட நடையில் ஒருவர் மூன்று நிர்வாகங்களின் நிலத்தைக் கடந்துவிடலாம். அதற்குள் மின்கம்பம், தொலைபேசிக் கம்பம், குடிநீர்க் குழாய் என்று வேறு நிறுவனங்களும் வந்து தோண்டும். நான் பணிசெய்த காலத்தில் பார்த்த வீதி மதிப்பீடுகள் பலவற்றில் தாருக்கும் கல்லுக்கும் வடிகானுக்கும் கோட்டுக்கும் தனித்தனி உருப்படி இருந்தது; நடைபாதைக்கு இருக்கவில்லை. மதிப்பீட்டில் பெயர் இல்லாத ஒன்றுக்கு நிலத்தில் எப்படி இடம் கிடைக்கும்?

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. நடைபாதைக்கு மதிப்பீட்டில் தனி உருப்படி வேண்டும். கம்பம், பலகை, மரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு அளக்கையில் 1.8 மீற்றர் தெளிந்த அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கத் தேவையான அளவு அது, இந்திய வீதித் தராதரங்களிலும் அதுவே குறைந்தபட்சம். படலைச் சரிவு நடைபாதையை வெட்டாமல் வீதியோரத்தில் மட்டும் இருக்க வேண்டும்; அதாவது வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும், நடப்பவர் ஒரே மட்டத்தில் போக வேண்டும்.

நகரப் பாடசாலை ஆசிரியை எழுதியது:

பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் எழுதுவது புதிதாக இராது. மஞ்சட் கடவையில் பிள்ளைகள் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். ஒரு வாகனம் நிற்கும். அதன் மறைவிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று முந்திக்கொண்டு வரும். சட்டப்படி நிறுத்தியவரின் நல்ல மனமே பிள்ளைக்கு ஆபத்தாக மாறிவிடும் அந்தக் கணத்தை நான் எத்தனையோ முறை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

கணித பாடத்தில் இதையே ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். பத்து மீற்றர் அகலமான வீதியை விநாடிக்கு 1.2 மீற்றர் வேகத்தில் கடப்பவருக்கு எட்டு விநாடிக்கு மேல் வேண்டும். நகர எல்லைக்குள் அனுமதிக்கப்பட்ட 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் அந்த நேரத்தில் ஏறத்தாழ 115 மீற்றர் தூரம் வந்துவிடும். 30 கிலோமீற்றர் வேகத்தில் என்றால் 70 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நிறுத்துவதற்கு எடுக்கும் தூரம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பிரித்தானிய வீதி விதிகள் தரும் கணக்கின்படி, 32 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் நிற்க 12 மீற்றரும் 48 கிலோமீற்றர் வேகத்தில் 23 மீற்றரும் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்காக, தூரம் ஏறக்குறைய இருமடங்காகிறது. ஒரு மாணவி விடையை எழுதிவிட்டு, “அப்படியென்றால் நாங்கள் ஓடித்தான் கடக்க வேண்டுமா, மிஸ்?” என்று கேட்டாள். ஓடக் கூடாது என்று சொல்லித்தான் அதுவரை நான் பழக்கியிருந்தேன்.

2020-இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய அமைச்சர்கள் மாநாடு, நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றரை உச்ச வேகமாக்குமாறு கேட்டுக்கொண்டது. வேகப் பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது என்பது எனக்கும் தெரியும். கடவையையே நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்தி அகலமான மேடையாக அமைத்தால், சாரதி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்கே மெதுவாகத்தான் ஏறி இறங்க வேண்டும். பொலிஸ் உத்தியோகத்தர் இல்லாத நாளிலும் அந்த மேடை கடமையில் இருக்கும்.

சந்தி ஓட்டோக்காரன் எழுதியது:

எல்லோரும் எங்களைத்தான் சொல்லப் போகிறீர்கள் என்று எதிர்பார்த்தே வாசித்தேன். ஓட்டோ நிறுத்த ஒழுங்கான தரிப்பிடம் தந்தால் நாங்கள் ஏன் நடப்பவர்களின் வழியில் நிற்கிறோம்? உண்மையைச் சொன்னால், எனக்குக் கிடைக்கும் சிறு ஓட்டங்களில் பல, வயதானவர்கள் நடக்கப் பயந்து ஏறும் ஓட்டங்கள். சந்தையிலிருந்து அடுத்த சந்தி வரை மட்டும் போவார்கள். நடைபாதை நன்றாக வந்தால் அந்த உழைப்புக் குறையும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் தாயும் அந்த வீதியில்தான் நடக்கிறார். எழுதுங்கள், எதிர்க்க மாட்டேன். தரிப்பிடத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுதியது:

நடப்பவர்களைப் பற்றிய இந்த இழையில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். பாதை நடக்க ஏற்றதா என்பதை நடக்க முடியாதவர்களைக் கொண்டு அளந்தால்தான் சரியான விடை வரும் என்பதால் எழுதுகிறேன்.

வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28-ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் 1996-இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் தடையின்றிப் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006-இல் வந்தன. அவற்றின் பயனாக நான் பணம் எடுக்கப் போகும் கட்டடத்தின் வாசலில் அழகான சரிவுப்பாதை இருக்கிறது, கைபிடியும் இருக்கிறது. ஆனால் என் வீட்டிலிருந்து அந்தச் சரிவுப்பாதையின் அடிவரை போக வழியில்லை. நடைபாதைக்கு ஏற முடியாத விளிம்பு, ஏறினால் நடுவில் மின்கம்பம், கம்பத்தைத் தாண்டினால் உடைந்த மூடி. ஆகையால் நான் வாகனங்களோடு வாகனமாக வீதியில் உருட்டிக்கொண்டு போகிறேன். பின்னால் வருபவர் ஹோன் அடிக்கிறார். சட்டம் கட்டடத்தின் வாசலில் தொடங்குகிறது, என் பயணம் என் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

சரிவுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். 15 சென்ரிமீற்றர் உயரமான விளிம்பென்றால் 1.8 மீற்றர் நீளமான சரிவு. அதைவிடச் செங்குத்தாகக் கட்டிவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், ஒருமுறை அதில் தாங்களே ஏறிப் பார்க்க வேண்டும்.

சென்னையில் படிக்கும் உப்புவெளிக்காரன் எழுதியது:

வியாபாரி ஐயாவின் கேள்விகள் எங்கும் எழுபவை. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் தியாகராய நகரில், நெரிசலுக்குப் பெயர்போன பாண்டி பஜாரில், வீதியைக் குறுக்கி இருபக்கமும் நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். விடுமுறை நாட்களில் போய்ப் பார்த்திருக்கிறேன். குடும்பம் குடும்பமாக வந்து, எதுவும் வாங்கும் எண்ணமில்லாமல் நடந்து, கடைசியில் பையோடு திரும்புகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். தடுப்புத் தூண்களுக்கு இடையில் இடைவெளி கிடைத்தால் மோட்டார் சைக்கிள் நடைபாதையில் ஏறத்தான் செய்கிறது.

நம் ஊரின் அளவுக்கு நெருக்கமான உதாரணம் ஸ்பெயினின் பொந்தெவெத்ரா. எண்பதாயிரம் பேர் சொச்சம் வாழும் சிறு நகரம். 1999 முதல் பழைய நகர மையத்தினூடாக வெறுமனே கடந்து செல்லும் வாகனங்களை அங்கே நிறுத்தினார்கள். வாகனத் தரிப்பிடங்களை நகரின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். சரக்கு இறக்குபவர்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் தடையில்லை. ரயில் பாதை வரைபடம் போல ஒரு படமும் வெளியிட்டார்கள். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் இடையில் எத்தனை நிமிட நடை என்று மட்டும் குறித்திருந்தது. நம்மூருக்கு அப்படியொரு படம் வரைய ஒரு சதமும் செலவில்லை. பஸ் நிலையம், சந்தை, மக்கெய்சர் மைதானம், பத்திரகாளி அம்பாள் கோயில், டச்சுக் குடா, கோட்டை வாசல், கோணேசர் கோயில். தூரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவற்றில் பாதி பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

மத்திய வீதி வியாபாரி எழுதியது:

தம்பி, ஸ்பெயினில் கச்சான் காற்று வீசுவதில்லை. ஆடி மாதம் மத்தியானம் பதினொரு மணிக்கு நம்முடைய வீதியில் ஒரு பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து அந்தப் படத்தை வரைந்து காட்டுங்கள்.

உவர்மலை நடையாளர் எழுதியது:

ஐயா கேலியாகச் சொன்னாலும் மிகப் பெரிய விடயத்தைத் தொட்டுவிட்டார். நிழலைப் பற்றி நாம் இதுவரை யாருமே பேசவில்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் வீசும் நாட்களில் தார் வீதியின் ஓரத்தில் நடப்பது அடுப்பங்கரையில் நடப்பதற்குச் சமம். அந்த நாட்களில் மக்கள் எந்தப் பக்கத்தால் நடக்கிறார்கள் என்று கவனியுங்கள்: காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம், கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே. பழைய வேம்போ வாகையோ நிற்கும் இடத்தில் நடை தானாகவே மெதுவாகிறது. தெரிந்தவர்களைக் கண்டால் அங்கேதான் நின்று கதைக்கிறார்கள். வீதியை அகலமாக்குவதற்காக அந்த மரங்களைத் தறித்த இடங்களில் இப்போது யாரும் நிற்பதில்லை. ஆகவே தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஐயாவின் மூன்று கோரிக்கைகளோடு, பத்து மீற்றருக்கு ஒரு மரம் என்பதை நான்காவதாகச் சேர்க்க விரும்புகிறேன். வேர் வடிகானை உடைக்காதபடி எங்கே நடுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வாகனத் தரிப்பிடம் பற்றிய ஐயாவின் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. எல்லா வீதிகளிலும் ஒரே நாளில் மாற்றம் கேட்கத் தேவையில்லை. சரக்கு லொறிக்குக் காலையில் குறித்த நேரம், மோட்டார் சைக்கிளுக்கு வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடிட்ட இடம், ஓட்டோவுக்குச் சந்தியைவிட்டுச் சற்றுத் தள்ளிய தரிப்பிடம், சாமான் பரப்புபவர்களுக்கு 1.8 மீற்றருக்கு வெளியே அளந்து கொடுத்த இடம் என்று ஒரேயொரு துண்டு வீதியில் ஆறு மாதம் முயன்று பார்க்கும்படி கேட்போம். வியாபாரம் குறைந்தால் ஐயாவே கணக்குக் காட்டட்டும்.

அதற்கு முன்னால் நம் கையில் அளவுகள் இருக்க வேண்டும். “நடைபாதை மோசம்” என்ற கடிதத்துக்கு என்ன நடக்கும் என்பதை நான் பார்த்துவிட்டேன். மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கிக் கோட்டை வாசல் வரை ஞாயிறு காலை நடந்து, ஒவ்வொரு மூடிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, எது உடைந்தது, எது அசைகிறது, எங்கே கம்பம் மறிக்கிறது, எந்தத் துண்டு யாருடைய பொறுப்பு என்று பட்டியலிட்டால் என்ன?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதியது:

நான் வருகிறேன். முப்பது மீற்றர் நாடா என்னிடம் இருக்கிறது. வெண்கட்டி, அடிமட்டம், மட்டக்குழாய் ஆகியவற்றை யாராவது கொண்டுவாருங்கள். படம் எடுக்கையில் அடிமட்டத்தை மூடியின் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். அளவு தெரியாத படத்தை எந்த அலுவலகத்திலும் மதிக்க மாட்டார்கள். சக்கர நாற்காலியிலிருந்து எழுதியவர் வர இசைந்தால் அவர் முன்னால் போகட்டும், அவர் நிற்க நேரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டாலே பட்டியலின் பாதி முடிந்துவிடும். பூவரசங் கம்பு நிற்கும் ஓட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பிடுங்கி எறிய வேண்டாம், வடிகானுக்கு வெளியே ஒரு மீற்றர் தள்ளி நட்டுவிடலாம்.

சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுதியது:

வருகிறேன். எட்டு மணிக்கு முன்னர் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இரும்புக் கைபிடி சூடாகிவிடும்.

மத்திய வீதி வியாபாரி எழுதியது:

ஆறரைக்கு என் கடைக்கு முன்னால் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுங்கள். என் வாசலில் மூன்று மூடிகள் இருக்கின்றன. இரண்டு அசைகின்றன. மூன்றாவதின் மேல் என் மோட்டார் சைக்கிள் நிற்பதால் அது எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன்.